இரண்டு பேர் மட்டும்தானா? லார்ட் ஆஃப் த ஃபிளைஸ் நாவலின் கடைசிப் பக்கங்கள் குறித்து

கரைமணல்:

வில்லியம் கோல்டிங் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட லார்ட் ஆஃப் த ஃபிளைஸ் நாவலைக் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு சென்ற வாரம்தான் மறுபடி படித்து முடித்தேன். அன்று அது எங்களுக்குப் பாடநூல். நாகரிகம் என்பது மேற்பூச்சு, அதைச் சுரண்டினால் உள்ளே இருக்கும் காட்டுமிராண்டி வெளிப்படுவான் என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இம்முறை அந்த விடை எனக்குப் போதவில்லை. குறிப்பாகக் கடைசி அத்தியாயத்தின் இறுதிப் பக்கங்கள் என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெரும்போரின் நடுவே ஆங்கிலேயப் பள்ளிச் சிறுவர்களை ஏற்றிச்சென்ற விமானம் ஆளில்லாத தீவொன்றில் விழுகிறது. பெரியவர்கள் எவரும் பிழைக்கவில்லை. ரால்ஃப் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். சங்கு கையில் உள்ளவனே பேசலாம் என்று விதி வகுக்கிறார்கள், கப்பலுக்கு அடையாளமாகப் புகை எழுப்பத் தீ வளர்க்கிறார்கள். பாடகர் குழுவின் தலைவனான ஜாக் வேட்டையில் மயங்கித் தனிக்கூட்டம் சேர்க்கிறான். சைமன் என்ற சிறுவனை இருட்டிலும் புயலிலும் எல்லோரும் சேர்ந்து அடித்துக் கொல்கிறார்கள். பிக்கி என்று மட்டுமே நாம் அறியும் அறிவாளிச் சிறுவன் மீது ரோஜர் பாறையை உருட்டிவிடுகிறான். சங்கும் அத்துடன் நொறுங்குகிறது. பிறகு ரால்ஃபைக் கொல்வதற்காகக் காட்டுக்கே தீ வைத்துத் துரத்துகிறார்கள். கடற்கரைக்கு ஓடிவந்து மணலில் விழும் அவன் தலைநிமிர்ந்து பார்க்கும்போது எதிரே கடற்படை அதிகாரி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

என் கேள்வி இதுதான். துரத்தப்பட்ட நேரமெல்லாம் அழாதவன், தீவுக்கு வந்த நாளிலிருந்து தன்னை அழவிடாதவன், உயிர் தப்பியது உறுதியான பின்பு ஏன் அப்படித் தேம்பி அழுகிறான்? அறியாப் பருவம் முடிந்துபோனதற்காகவும், மனித இதயத்தின் இருளுக்காகவும், பிக்கியின் மரணத்துக்காகவும் அழுதான் என்று ஆசிரியரே காரணங்களை அடுக்குகிறார். ஆனால் அவை மூன்றும் அந்த நொடிக்கு முன்பே நடந்து முடிந்தவை. ஏன் அப்போது அழுகிறான்?

இரவு வாசகி:

கரைமணல் அவர்களே, உங்கள் கேள்விக்கான விடை அழுகைக்குச் சற்று முன்னால் உள்ள உரையாடலில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலேயச் சிறுவர்கள் இதைவிட நன்றாக நடந்திருக்கலாமே என்று அதிகாரி குறைபட்டுக்கொள்கிறார். முதலில் அப்படித்தான் இருந்தது, அப்போது நாங்கள் ஒன்றாக இருந்தோம் என்று ரால்ஃப் சொல்லத் தொடங்குகிறான்; வாக்கியத்தை அவனால் முடிக்க முடிவதில்லை. உடனே அதிகாரி, தெரியும் தெரியும் என்பதுபோல் தலையசைத்து, பவளத்தீவு என்ற பழைய சாகசக் கதையைப் போல என்கிறார். ரால்ஃப் பேச்சற்று அவரைப் பார்க்கிறான். அழுகை அதன் பிறகுதான் வருகிறது. தன்னைக் கேட்கவேண்டிய ஒரே பெரியவர் கேட்காமலேயே புரிந்துகொண்டதாக நினைக்கிறார் என்பதை அவன் அந்த இடத்தில்தான் உணர்கிறான். பெரியவர்கள் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று நாவல் முழுவதும் ஏங்கியவன் அவன். அந்த ஏக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

அந்தப் பக்கங்களின் கதைசொல்லும் முறையையும் கவனியுங்கள். அதுவரை ரால்ஃபின் கண்வழியே பார்த்துவந்த நமக்குத் துரத்துபவர்கள் ஈட்டியேந்திய பயங்கரமான கூட்டத்தினர். தலைவன் என்ற சொல் கூடப் பெரிய எழுத்தில் எழுதவேண்டியது போல் கனத்துக் கிடந்தது. அதிகாரி வந்தவுடன் பார்வை அவருடைய உயரத்துக்கு ஏறிவிடுகிறது. உடம்பில் வண்ண மண் பூசிய, கையில் கூர்மையான குச்சி வைத்திருக்கிற சின்னப் பையன்கள் அரைவட்டமாகச் சத்தமின்றி நிற்பது அப்போது தெரிகிறது. ரால்ஃபைப் பார்க்கும் அவருக்கு, இந்தப் பையனுக்குக் குளியலும் முடிவெட்டும் மூக்குத் துடைப்பும் நிறைய களிம்பும் தேவை என்ற எண்ணம்தான் வருகிறது. இவர்கள் குழந்தைகள் என்பதையே நாம் மறந்திருந்தோம் என்று உணரும்போது என் கை நடுங்கியது. ஆனால் அதிகாரிக்கு அவர்கள் குழந்தைகள் என்பது மட்டுமே தெரிகிறது, மற்றது எதுவும் தெரிவதில்லை.

தீயைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காப்பாற்றப்படுவதற்காக ரால்ஃபும் பிக்கியும் கட்டிக்காத்த அடையாளத் தீ எந்தக் கப்பலையும் அழைத்து வரவில்லை. ஒருமுறை கப்பல் தொலைவில் போனபோது தீயைப் பார்த்துக்கொள்ளவேண்டியவர்கள் பன்றி வேட்டைக்குப் போயிருந்தார்கள். அவனைக் கொல்ல மூட்டிய தீயின் புகைதான் போர்க்கப்பலைக் கொண்டுவருகிறது.

பழுப்புத்தாள்:

இருவரும் நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இந்த நாவலை மனித இயல்பு பற்றிய இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆழ்ந்த மறுப்பு உண்டு. காட்டுமிராண்டி என்ற சொல்லை நாம் எத்தனை எளிதாகப் பயன்படுத்துகிறோம்! உடம்பில் வண்ணம் பூசுவதும், நெருப்பைச் சுற்றி ஆடுவதும், வேட்டையாடுவதும் உலகின் பல மக்களுக்கு வாழ்க்கையின் ஒழுங்கான பகுதி. நாவலோ அவற்றையே வீழ்ச்சியின் அடையாளங்களாக்குகிறது. பிக்கி தன் கடைசிப் பேச்சில், வண்ணம் பூசிய கூட்டமாக இருப்பது நல்லதா, ரால்ஃபைப் போல அறிவோடு இருப்பது நல்லதா என்று கேட்கும் இடத்தில், முதல் பதிப்பில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்தது. பின்னர் அது மாற்றப்பட்டது. மாற்றிய சொல்லும் அமெரிக்கப் பழங்குடிகளைக் குறிப்பதுதான். இந்தச் சிறுவர்கள் தங்கள் கொடுமைக்கு உடுப்பைக் கூடப் பிறரிடமிருந்துதான் கடன் வாங்குகிறார்கள்.

இதற்கு நேர்மாறான உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டு தொங்கா நாட்டின் தலைநகரில் விடுதிப் பள்ளியொன்றில் படித்த 6 சிறுவர்கள் படகொன்றை எடுத்துக்கொண்டு கடலில் புறப்பட்டு, புயலில் சிக்கி, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஓராண்டுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தார்கள். முறைவைத்து வேலை செய்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சினம் தணிந்து வரவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது குச்சிகளை வைத்துக் கட்டி மற்றவர்கள் அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். 1966ஆம் ஆண்டு பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் அவர்களைக் கண்டுபிடித்தபோது அவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் படகின் உரிமையாளர் புகார் கொடுத்ததால் அவர்களைக் காவலில் வைத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். யார் காட்டுமிராண்டி, எது நாகரிகம் என்று இந்த நாவலை வைத்துக் கற்பிக்கும் வகுப்புகளில் இந்த 6 பேரைப் பற்றியும் ஒரு பாடம் நடத்தவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பறை:

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த நாவலைப் பல வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். தம்பி பழுப்புத்தாளுக்கு முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

தொங்காச் சிறுவர்களின் கதை உண்மை, அதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அவர்கள் ஒரே பள்ளியில் படித்த, ஏற்கெனவே நண்பர்களாக இருந்த, பதின்பருவத்து இளைஞர்கள். நாவலின் தீவிலோ ஆறு வயதுக் குழந்தைகள் முதல் பன்னிரண்டு வயதுப் பையன்கள் வரை, பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பெருங்கூட்டம். இந்த வேறுபாட்டை ஓரமாக வைத்தாலும், கோல்டிங் எழுதியது எல்லா மனிதர்களையும் பற்றிய ஆய்வறிக்கை அல்ல. பவளத்தீவு என்ற பெயரில் பாலன்டைன் என்பவர் 1857ஆம் ஆண்டு எழுதிய சாகசக் கதையில் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களிலேயே ஆங்கிலேயச் சிறுவர்கள் வருகிறார்கள். தீவில் அவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள், தீமை வெளியிலிருந்து, கொள்ளையர்களிடமிருந்தும் தீவுவாசிகளிடமிருந்தும்தான் வரும். அந்தப் பொய்யைத்தான் கோல்டிங் திருப்பிப்போட்டார். விதிகள் வேண்டும், நாம் காட்டுமிராண்டிகள் அல்ல, நாம் ஆங்கிலேயர்கள், எதிலும் ஆங்கிலேயர்களே சிறந்தவர்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் முழங்குபவன் யார் தெரியுமா? ஜாக்தான். இந்த ஓர் இடத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது என் வழக்கம். வண்ணம் பூசும் சித்திரிப்பு பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். அந்தக் குறை நூலில் இருக்கிறது, நான் மாணவர்களிடம் அதை மறைத்ததில்லை.

கரைமணல் தம்பியின் மேற்பூச்சு என்ற பழைய விடைக்கும் நூலிலேயே பதில் உண்டு. நான்காம் அத்தியாயத்தில் ரோஜர் ஒரு சின்னப் பையனைச் சுற்றிக் கற்களை எறிகிறான். ஆனால் அவன்மேல் படாதபடி விலக்கித்தான் எறிகிறான். பெற்றோரும் பள்ளியும் காவலரும் சட்டமும் அந்தக் குழந்தையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பதுபோல் இருந்தது என்றும், ரோஜரின் கையைப் பழக்கிவைத்திருந்த அந்த நாகரிகம் அவனை அறியாதது, தானே இடிந்து கிடப்பது என்றும் கோல்டிங் எழுதுகிறார். இடிந்துபோன ஒன்றின் பழக்கம் கையில் மட்டும் சில நாள் தங்கியிருந்தது. மேற்பூச்சு உரிந்து காடு வெளியே வந்தது என்று சொன்னால் குற்றம் காட்டின்மீது போய்விடும். போரை நடத்திக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெரியவர்கள்தானே?

இப்போது அழுகைக்கு வருகிறேன். இன்னஸன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொல்லும்போதெல்லாம் நான் தடுமாறியிருக்கிறேன். அதற்கு அறியாமை என்ற பொருளும் குற்றமின்மை என்ற பொருளும் சேர்ந்தே உண்டு. நமக்கு அவை வேறு வேறு சொற்கள். கள்ளமின்மை என்றால் மனத்தில் வஞ்சமில்லை என்று பொருள். பேதைமை என்றாலோ, வள்ளுவர் 831ஆம் குறளில் சொல்வதுபோல், தீங்கைப் பற்றிக்கொண்டு நன்மையைக் கைவிடுவது. ரால்ஃப் எதன் முடிவுக்காக அழுதான்? அறியாமை முடிந்ததற்காக என்றால் அது வளர்ச்சி, அதற்கு ஓரளவு ஆறுதல் உண்டு. குற்றமின்மை முடிந்ததற்காக என்றால் அவனும் குற்றவாளி. சைமனை அடித்த கூட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருந்தார்கள் என்பதை மாணவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

மறக்கப்பட்டது இன்னொன்றும் இருக்கிறது. யாரும் சாகவில்லையே, பிணங்கள் ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்கிறார். இரண்டு பேர் மட்டும், அவர்களும் போய்விட்டார்கள் என்கிறான் ரால்ஃப். சைமனையும் பிக்கியையும் கடல் கொண்டுபோய்விட்டது, சரி. ஆனால் இறந்தவர்கள் இருவர் மட்டும்தானா? இரண்டாம் அத்தியாயத்தின் இறுதியை எடுத்துப் பாருங்கள்.

கரைமணல்:

ஐயா, நீங்கள் சொன்னவுடன் எடுத்துப் பார்த்தேன். முகத்தில் சிவந்த மச்சம் உள்ள அந்தக் குழந்தை! தீவில் பாம்பு போல ஒரு மிருகம் இருக்கிறது என்று முதலில் அஞ்சிச் சொன்னவன். அன்றே ஆர்வக்கோளாறில் மூட்டிய தீ கட்டுமீறிக் காட்டின் ஒரு பகுதியை எரிக்கிறது. அந்த மச்சக்காரச் சின்னவனைக் காணோமே, இப்போது எங்கே அவன் என்று பிக்கி கேட்கிறான். கூட்டம் உறைந்துபோய் நிற்கிறது. ஒருவேளை அவன் திரும்பிப் போயிருப்பான் என்று முணுமுணுக்கிறவன் ரால்ஃப்தான். அதற்குப் பிறகு அவனை நாவலில் யாரும் பார்ப்பதில்லை.

இருமுறை படித்தும் இதை நான் கவனிக்கவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ரால்ஃப் மறந்ததுபோல் நானும் மறந்திருக்கிறேன். ரால்ஃப் இரண்டு என்று சொல்லும் இடத்துக்கு அடுத்த சில வரிகளில், மக்கள் உண்மை பேசும்போது அந்த அதிகாரிக்குப் பொதுவாகத் தெரிந்துவிடும் என்று கோல்டிங் எழுதுகிறார். அதிகாரி அந்தக் கணக்கை நம்பி மெல்லச் சீழ்க்கை அடிக்கிறார். ஆனால் கணக்கு தவறு.

இருந்தாலும் ஐயாவிடம் ஒரு மாற்றுக்கருத்து சொல்ல அனுமதி வேண்டும். ரால்ஃப் மறைக்கிறான் என்று நான் நினைக்கவில்லை. கொல்லப்பட்டவர் எத்தனை பேர் என்ற பொருளில்தான் கேள்வி அவன் காதில் விழுகிறது. முதல் குழந்தையை யாரும் கொல்ல நினைக்கவில்லை, கவனக்குறைவால் இறந்தான். கொலையென்றால் நினைவில் நிற்கிறது, அலட்சியத்தால் நேர்ந்த சாவு நினைவில் நிற்பதில்லை. ஜாக்கின் கூட்டம் உருவாகும் முன்பே, சங்கும் விதியும் கூட்டமும் நல்ல நிலையில் இருந்தபோதே, நல்ல நோக்கத்துக்காக மூட்டிய தீயில் முதல் உயிர் போய்விட்டது. அப்படியானால் அறியாப் பருவத்தின் முடிவு கடற்கரையில் நிகழ்ந்தது அல்ல. முதல் நாளிலேயே நிகழ்ந்துவிட்டது. கடற்கரையில் அவன் அதை வாய்விட்டு அழுகிறான், அப்போதும் அந்தக் குழந்தையின் பெயர் அவனிடம் இல்லை.

பழுப்புத்தாள்:

இந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சு என் எண்ணத்தை ஓரளவு மாற்றியிருக்கிறது. நாவலின் மீதான என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் முடிவைப் பற்றி நான் தட்டையாகப் பேசிவிட்டேன்.

கோல்டிங் இந்த நூலை எழுதிய காலத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். இரண்டாம் உலகப் போரில் அவர் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தார், 1944ஆம் ஆண்டு நார்மண்டித் தரையிறக்கத்தின்போது ராக்கெட் செலுத்தும் கலமொன்றை நடத்தினார். பிறகு சாலிஸ்பரியில் பள்ளி ஆசிரியராகச் சிறுவர்களோடு நாள் முழுவதும் இருந்தார். கையெழுத்துப்படியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபர் நிறுவனத்திலேயே முதலில் படித்தவர் குப்பை என்று குறித்துவைத்ததை, சார்லஸ் மான்டித் என்ற இளம் பதிப்பாசிரியர் எடுத்துப் படித்துத் திருத்தச் செய்தார். அணுப்போரை விரிவாகச் சொன்ன தொடக்கப் பகுதி அப்போது நீக்கப்பட்டது. அந்த வெட்டு முடிவுக்குப் பெரும் வலிமை தந்தது என்பது என் கருத்து. போர் முதல் பக்கத்திலேயே விரிந்திருந்தால், கடைசியில் வரும் வெள்ளைச் சீருடையும், இடுப்புத் துப்பாக்கியும், பின்னால் படகில் இயந்திரத் துப்பாக்கியோடு நிற்கும் கடற்படையாளும் நம்மை இப்படித் தாக்கியிருக்கமாட்டார்கள். நடுவில் பெரியவர்களின் உலகிலிருந்து ஏதாவது ஓர் அடையாளம் வரக்கூடாதா என்று சிறுவர்கள் ஏங்கியபோது வந்து விழுந்ததும் பாராசூட்டில் தொங்கிய ஒரு பிணம்தானே!

மனித வேட்டையைத் தடுத்த அதிகாரி, தன் எதிரியை அதேபோல் வேட்டையாடப் போகும் கப்பலில்தான் பிள்ளைகளை ஏற்றுகிறார், அவரையும் அவருடைய கப்பலையும் யார் மீட்பது என்று கோல்டிங்கே பிற்பாடு கேட்டிருக்கிறார். ஆசிரியர் தன் நூலுக்கு இப்படி விளக்கம் சொல்வது எனக்குப் பிடிக்காது. அழுகிற பிள்ளைகளைப் பார்க்கச் சங்கடப்பட்டு அவர் முகத்தைத் திருப்பித் தொலைவில் நிற்கும் நேர்த்தியான போர்க்கப்பலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார் என்ற கடைசி வாக்கியமே போதும்.

வகுப்பறை ஐயாவிடம் ஒன்று கேட்கவேண்டும். முதல் நாளே பெயர்ப்பட்டியல் எடுத்திருந்தால் அந்தக் குழந்தை தொலைந்தது தெரிந்திருக்குமே, ஏன் எடுக்கவில்லை? பிக்கியைப் போன்ற ஒழுங்கானவன் அதை எப்படி விட்டான்?

வகுப்பறை:

நல்ல கேள்வி, தம்பி. இரண்டாம் அத்தியாயத்தில் பட்டியல் எங்கே என்று அவனையே அதட்டுகிறார்கள். தனியாளாக நான் எப்படி எடுப்பேன், இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளும் சிதறிப் போய்விட்டார்களே என்று பிக்கி கத்துகிறான். ஆனால் முழு விடை அதற்கும் முன்னால், முதல் அத்தியாயத்தில் இருப்பதாக எனக்கு ஒரு மங்கலான நினைவு. என் படியைப் பழைய மாணவர் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். கையில் நூல் உள்ளவர்கள் சங்கு ஊதியபின் பிள்ளைகள் வந்துசேரும் இடத்தைப் பார்த்துச் சொன்னால் நல்லது.

இரவு வாசகி:

ஐயா, பார்த்தேன். உங்கள் நினைவு சரிதான்.

சங்கின் ஒலி கேட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். பிக்கி அவர்களிடையே போய், குனிந்து, பெயர் கேட்டு, நினைவில் வைத்துக்கொள்ள நெற்றியைச் சுருக்குகிறான். தீவில் நடந்த முதல் ஆட்சி வேலையே அதுதான். அதன்பிறகு மணல்வெளியில் கறுப்பாக ஏதோ வருகிறது. பார்த்தால் பாடகர் குழு. கறுப்பு அங்கி, மார்பில் வெள்ளிச் சிலுவை, கறுப்புத் தொப்பி அணிந்து இரண்டிரண்டு பேராக அணிவகுத்து வருகிறார்கள், ஜாக் கட்டளையிடுகிறான். பிக்கி அவர்களிடம் மட்டும் பெயர் கேட்பதில்லை. சீருடை தந்த அந்த மேன்மையைக் கண்டு அஞ்சி ரால்ஃபின் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்கிறான் என்று கோல்டிங் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அன்று நின்ற பட்டியல் பிறகு எடுக்கப்படவே இல்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். மறுபடியும் மணல்வெளி, மறுபடியும் ஒரு சீருடை. நீங்கள் எத்தனை பேர் என்று அந்தச் சீருடை கேட்கிறது. ரால்ஃப் தலையை ஆட்டுகிறான். இங்கே தலைவன் யார் என்றதும் நான்தான் என்று உரக்கச் சொல்கிறான். அந்தப் பழைய கறுப்புத் தொப்பியின் எச்சம் தலையிலும், பிக்கியின் மூக்குக்கண்ணாடியின் எச்சம் இடுப்பிலுமாக ஒரு செந்தலைச் சிறுவன் ஓரடி முன்னால் வந்து, மனம் மாறி நின்றுவிடுகிறான். எத்தனை பேர் என்பதுகூடத் தெரியாதா என்று அதிகாரி இரண்டாம் முறை கேட்கிறார். தெரியாது, ஐயா என்கிறான் ரால்ஃப்.

அந்தக் கேள்விகளுக்குச் சற்று முன்பு இன்னொரு சின்னவன் அதிகாரியிடம் வந்து நிற்கிறான். பெர்சிவல் வெமிஸ் மேடிசன். தொலைந்துபோனால் சொல்லவேண்டும் என்று வீட்டில் பழக்கியிருந்த தன் முழுப் பெயரையும் முகவரியையும் முன்பு கூட்டத்தில் மந்திரம்போல் ஒப்பித்தவன். அழைத்துப்போக ஆள் வந்து நிற்கும் இந்த நேரத்தில், நான், நான் என்று தொடங்குகிறான். அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை.